மரம் அறுக்கும் மெஷினும் பத்தரை மணி முகூர்த்தமும்

கூமாச்சிப்பட்டிக்காரர்களைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்த ஊர்ப் பெருமாயன் பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கிற மெஷின் வாங்கப் போனபோது, மச்சினன் பவுன்ராசும் தம்பி சின்னக்காமனும் கூடப் போனார்கள்.

கடைக்காரர் மூன்று விஷயம் சொன்னார். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். கால் மணி அறுத்தால் கால் மணி நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும். டாங்கில் பெட்ரோலோடு மெஷினை வைக்கக் கூடாது, ஓடவிட்டுத் தீர்த்துவிட வேண்டும். மூன்றையும் ஒரே மண்டையில் ஏற்றினால் பஸ் குலுக்கலில் சிந்திவிடும் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பெட்ரோல் பெருமாயனுக்கு, ஓய்வு பவுன்ராசுக்கு, டாங்கு சின்னக்காமனுக்கு.

அடுத்த வாரம் பெருமாயன் மகள் அங்கம்மாளுக்குக் கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அன்று விடிகாலைக் காற்றில் வாகை மரம் ஒன்று ஊர் ரோட்டின் குறுக்கே சாய்ந்து, மாப்பிள்ளை வீட்டு வேன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பெருமாயனுக்கு ஒற்றை மகள். இந்த முகூர்த்தம் போனால் அடுத்தது தையில்தான்.

எட்டு மணிக்கு அறுக்கத் தொடங்கினார்கள். எட்டே காலுக்கு ஓய்வு என்றான் பவுன்ராசு. பெட்ரோலோடு கீழே வைக்காதே என்றான் சின்னக்காமன். ஆகவே குடை நிழலில், கையில் பிடித்தபடி, டாங்கு தீரும்வரை மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு ஓய்வு கொடுத்தார்கள். தீர்ந்து நின்றபோது மணி ஒன்பது. பெருமாயன் பெட்ரோல் கேனைத் திறந்தவர், ஏதோ நினைத்து மறுபடி மூடினார்.

“நிறுத்திட்டுத்தான் ஊத்தணும்.”

“அதான் நிக்குதே மச்சான்” என்றான் பவுன்ராசு.

“நிக்குது. நாம நிறுத்தலையே. தானா நின்னது வேற, நாம நிறுத்துறது வேற.”

“அப்ப ஓடவிட்டு நிறுத்துவோம்.”

“ஓடணும்னா பெட்ரோல் ஊத்தணும்.”

“ஊத்துவோம்.”

“நிறுத்தாம எப்படிய்யா ஊத்துறது?”

இதில் ஒரு மணி நேரம் போயிற்று. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை தவசியே மரத்தைத் தாண்டி வந்து நின்றார். பெருமாயன் பதறிப்போய், நீங்கள் வருவதற்குத்தான் வழி செய்துகொண்டிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டார். தவசி விவகாரத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு நின்றுகொண்டிருந்த மெஷினை நிறுத்துகிற சிவப்பு சுவிட்சைத் தட்டினார்.

“இப்ப நாம நிறுத்தியாச்சு மாமா.”

பெருமாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளைக்காரன் மகளுக்கு வாய்த்தானே என்று மனசு குளிர்ந்தது. ரோடு இன்னும் திறக்கவில்லை என்பதால் மாப்பிள்ளையை மரியாதையாக அந்தப் பக்கமே திருப்பி அனுப்பினார்.

பத்தே காலுக்கு மரம் விலகியது, வேன் பந்தலுக்கு வந்தது. கூடவே மெஷினும் ஓய்வுக்கு வந்தது. அன்றைக்கு ஊரில் பந்தலைவிடப் பெரிய நிழல் ஏது? டாங்கில் பாதி பெட்ரோல் இருந்ததால் கீழே வைக்க முடியாது. ஓடவிட்டுத் தீர்க்கலாம் என்றால் ஐயர் சொல்வது காதில் விழாது. எல்லார் கையிலும் ஒரு வேலை இருந்தது. சும்மா இருந்தது கல்யாணப் பெண்ணின் கைதான். அங்கம்மாள் கூரைப்புடவை முந்தானையால் மெஷினைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து இருபத்தைந்துக்கு ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கினார். பவுன்ராசு ஓடிப்போய்த் தவிலைப் பொத்தினான்.

“ஓய்வுல இருக்கு. இன்னும் அஞ்சு நிமிசம்.”

முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அழுத குழந்தையை யாரோ வெளியே தூக்கிப் போனார்கள். சத்தமே இல்லாமல் தவசி தாலி கட்டினார். மேளம் கொட்டாமல் அட்சதை போடுவது முறையில்லை என்று எல்லோரும் அரிசியைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

சரியாகப் பத்தரைக்குப் பவுன்ராசு கையை எடுத்தான். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை மொத்தமும் அங்கம்மாள் மடியை நோக்கிப் பறந்தது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார்.

அந்தப் படம் இன்றைக்கும் பெருமாயன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அங்கம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மெஷின், மாலையும் அட்சதையுமாக. மாப்பிள்ளை கொஞ்சம் ஓரமாக, பெட்ரோல் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.