அக்கா வீட்டுச் சிறுகிழங்கு

குளத்துக்கரை மடத்தில் ஒரு சாமி இருந்தார். சாமி என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த ஆறுமுகநயினாருக்குத்தான் அறுபது தாண்டி, தலை முழுக்க நரைத்திருந்தது.

நயினாருக்குத் தோட்டம்தான் உயிர். அவர் வைத்த கத்தரியும் அவரையும் ஊரே கண் வைக்கும்படி காய்க்கும். மடத்துக்கு ஒருநாளும் கையை வீசிக்கொண்டு வந்தது கிடையாது. எதைக் கொடுத்தாலும் சாமி வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொள்வார்.

மார்கழி முடியப் போகிற ஒரு காலையில் நயினார் தலையில் ஒரு சாக்குச் சிறுகிழங்கோடு வந்தார். இறக்கி வைத்துவிட்டு, முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தார்.

“என்ன பெரியவரே, பொங்கல் வரப்போகுது. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“எங்க அக்கா இந்த வருசமும் வரமாட்டா சாமி.”

“சண்டையா?”

“சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல. அதான் எனக்கு வெளங்க மாட்டேங்கு.”

அக்கா பிரம்மசக்தியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. முன்பெல்லாம் பொங்கலுக்கு மறுநாள் விடிந்ததும் வந்துவிடுவாள். தன் வீட்டுப் புறவாசலில் விளைந்த சிறுகிழங்கைப் பையில் கட்டிச் சுமந்துகொண்டுதான் வருவாள். பொடிக் கிழங்கு. தோல் எடுப்பதற்குள் விரலெல்லாம் கறுத்துப்போகும். வேப்பமரத்தடியில் வீடே வட்டமாக உட்கார்ந்து, சாக்கில் போட்டுத் தேய்க்கும். செத்துப்போன அப்பா மாதிரியே அக்கா பேசிக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

“இப்பவும் மகனுவ வாரானுவ, பேரப்பிள்ளைக வருது, வீடு நெறஞ்சுதான் இருக்கு. ஆனா என்னைய ‘ஏல’ன்னு கூப்பிட இந்த உலகத்துல அவ ஒருத்திதான் மிச்சம். அவ வரலைன்னா எனக்கு அது பொங்கலே இல்ல சாமி.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எப்பத்துலேருந்து வரல?”

“நான் தோட்டத்துல சிறுகிழங்கு போட்ட வருசத்துலேருந்து. அவளுக்குத் தோள்வலி பாத்துக்கிடுங்க. ‘இத ஏன் இம்புட்டுத் தூரம் சுமந்துக்கிட்டு வார, நம்ம தோட்டத்துலயே பெருசு பெருசா கெடக்கே’ன்னேன். பிரியத்துலதான் சொன்னேன்.”

“நீங்க அவங்க வீட்டுக்குப் போறதில்லையா?”

“போகாம? வருசந்தவறாம பொங்கப்படி கொண்டு போறேன். அரிசி, கருப்பட்டி, கரும்பு, மஞ்சக்கொலை, காய்கறின்னு வேன் நெறைய. கூடப்பொறந்தவளுக்குச் செய்யதுல நான் ஒரு குறையும் வச்சதில்ல.”

“அங்க சாப்பிடுவீங்களா?”

“அதெப்படி? கொடுக்கப் போன எடத்துல கை நனைக்கலாமா? ‘காப்பி போடுதேன்’ம்பா. வேன் நிக்குன்னு சொல்லிட்டு வந்துருவேன்.”

சாமி எழுந்து போய்ச் சாக்கின் வாயை அவிழ்த்தார். ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போட்டார்.

“இத ஏன் சுமந்துக்கிட்டு வந்தீங்க? மடத்து அடுக்களையிலயே குவிஞ்சு கெடக்கே.”

நயினார் திகைத்துப்போனார். “உங்களுக்குன்னு பாத்துப் பாத்துப் பொறுக்கினது சாமி.”

“எனக்கு ஒரு குறையும் இல்ல. எடுத்துட்டுப் போங்க.”

விடியற்காலைப் பனியில் குனிந்து பொறுக்கின கிழங்கு அது. நயினாருக்கு அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது. சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தார். இனி இந்த மடத்து வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே படலைத் திறந்தார். படலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

திரும்பி வந்தார்.

“அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?”

சாமி கை நீட்டிச் சாக்கை வாங்கி, உள்ளே கொண்டு வைத்தார்.

“நாளைக்கே போறேன் சாமி. ரெண்டு வேன் நெறைய படி கொண்டு போய், அவ கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கேன்.”

“ஒண்ணும் கொண்டு போகாதீங்க.”

“படி இல்லாமயா? ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும். பச்சத்தண்ணிகூடக் குடிக்காமப் போங்க.”

அன்று போனவர், பொங்கல் கழிந்த பிறகுதான் மடத்துக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே விசயம் தெரிந்துவிட்டது.

“கையில ஒண்ணும் இல்லாம நின்னதப் பாத்ததும் பயந்துட்டா சாமி, யாருக்கு என்ன ஆச்சோன்னு. ‘பசிக்குது, சோறு போடு’ன்னேன். பழைய சோறுதான் இருக்குன்னா. அதையே போடுன்னேன். கெழங்கப் பொரிச்சு வச்சா. நான் சாப்பிடச் சாப்பிட, பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா.”

“பொறகு?”

“பொங்கலுக்கு மறுநா விடியுமுன்ன பையும் கையுமா வாசல்ல நிக்கா. எங்க தோட்டத்துக் கெழங்க அன்னைக்கு ஒருத்தரும் தொடல.”

சொல்லிவிட்டு நயினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுதான் சாமி உறுத்துது. மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். சோத்தப் பாத்ததும் அது மறந்தே போச்சு. இப்பப் போயிக் கேட்டுட்டு வரட்டுமா?”

“எதுக்கு?” என்றார் சாமி. “அதான் வயிறாரச் சாப்பிட்டுட்டீங்களே.”