மேலே நின்ற தண்ணீர்

ஓர் ஊரின் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஒன்று இருந்தது. உயரத்தில் நின்றே பழகியதால் அதற்குக் கர்வம் கொஞ்சம் அதிகம்.

தினமும் காலையில் கிணற்றடி மோட்டார் முக்கி முனகித் தண்ணீரை மேலே ஏற்றும்.

"ஏன் இப்படிக் கத்துகிறாய்? என்னைப்போல் சும்மா நிற்கத் தெரியாதா?" என்று தண்ணீர் கேலி செய்யும்.

"இன்னும் இரண்டடிதான், ஏறு ஏறு," என்று மட்டும் மோட்டார் சொல்லும்.

பங்குனி மாதத்தில் ஒரு பகல். கிணற்றுக்கு எதிரே இருந்த மயிலம்மாளின் கூரைவீடு தீப்பிடித்தது. உள்ளே தூளியில் கைக்குழந்தை. கம்பி அறுந்து விழுந்தால் ஆபத்து என்று ஊருக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். மோட்டார் மூச்சடங்கியது.

"ஆரோக்கியண்ணே! எம்புள்ள உள்ள கெடக்குண்ணே! கரண்டு வேற போயிருச்சே!"

"கரண்டு போனா என்ன தாயி? மேல தண்ணி நிக்குதுல்ல!" தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம் ஓடிப்போய் வால்வைத் திருகினார்.

தண்ணீர் பாய்ந்தது. தனக்குள் இத்தனை வேகம் இருப்பது அதற்கே அன்றுதான் தெரிந்தது. வால்வில் மாட்டியிருந்த ரப்பர்க் குழாய் நாலுபேர் பிடிக்கும் அடங்காமல் திமிறியது. வாசலை மறித்த நெருப்பு அடிபட்டுச் சுருண்டது. ஆரோக்கியம் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

வெளியே வந்தபோது அவர் மீசை பொசுங்கியிருந்தது. கையில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஊரே சிரித்தது. மயிலம்மாள் அவர் காலில் விழப்போனாள்.

"எனக்கெதுக்கு தாயி? தண்ணியக் கும்புடு," என்றார் அவர்.

மயிலம்மாள் ஈரமண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மண்ணில் கிடந்த தண்ணீர் கூசிப்போனது.

மின்சாரம் வந்ததும் மோட்டார் கண்விழித்தது.

"அண்ணே," என்றது தண்ணீர். "அந்த வேகம் என்னுடையதில்லை. நீங்கள் அடியடியாகத் தூக்கிய பாடுதான் எனக்குள் உயரமாக நின்றது. என்னை மன்னித்துவிடுங்கள்."

"எனக்கு ஏது பலம்? மின்சாரம் கொடுத்தது," என்றது மோட்டார்.

"எனக்கு மட்டும் ஏது?" என்றது கம்பியிலிருந்து மின்சாரம். "மலை அணையிலிருந்து குதித்த உன் சொந்தக்காரத் தண்ணீர்தான் சக்கரத்தைச் சுற்றி என்னை அனுப்பிவைத்தது."

"அப்படியானால் அதை மலைமேல் ஏற்றியது யார்? அவருக்காவது ஒரு கும்பிடு போடவேண்டுமே!"

தண்ணீர் சுற்றுமுற்றும் தேடியது. வெயில் மட்டும் குனிந்து, முற்றத்து ஈரத்தைச் சத்தமில்லாமல் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.