தோள் மட்டும் தைத்தவர்கள்

ஆலம்புதூரில் பள்ளிக்கூடம் விட்டதும் பதினாலு பிள்ளைகள் நேராகத் தையல் வகுப்புக்குப் போவார்கள். ஊர்ப் பொதுக் கட்டடத்தில் ஓர் அறை. இரண்டு மிதி மிஷின். ஒன்பது பெண் பிள்ளைகள், ஐந்து பையன்கள்.

சொல்லிக் கொடுப்பவர் தனபாக்கியம். பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டரக்கா.

அவர் பதினொரு வருஷம் ஒரு கம்பெனியில் சட்டைக்கு இடது கை தைத்தவர். இடது கை மட்டும். ஒருநாள் அண்ணன் குழந்தைக்கு ஒரு சட்டை தைக்கலாம் என்று உட்கார்ந்தார். கை ஓடவில்லை. கடையில் ஒரு சட்டை வாங்கி வந்து, தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மறுவாரம் வேலையை விட்டுவிட்டார்.

வகுப்பில் ஒரே ஒரு கட்டுப்பாடு. யாருக்குத் தைக்கிறோம் என்று பெயர் சொல்லாமல் துணியில் ஊசியை இறக்கக் கூடாது. தம்பிக்கு டவுசர், அம்மாவுக்குக் காய்கறிப் பை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையணை உறை. எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம். ஆனால் முழுசாக இருக்க வேண்டும்.

அவரிடம் கற்க வந்தவள் ரஹ்மத். இருபத்தாறு வயது. தையல் அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லிக் கொடுக்கத்தான் தெரியாது. அதற்காக இரண்டு வருஷமாக மாஸ்டரக்காவின் கூடவே இருந்தாள்.

ஆவணி மாதத்தில் தனபாக்கியத்தின் அண்ணனுக்கு ஆபரேஷன். கோயமுத்தூரில் பத்து நாள் இருக்க வேண்டி வந்தது.

"பிள்ளைங்களைப் பார்த்துக்கோ" என்றார்.

"என்ன சொல்லிக் குடுக்கட்டுங்க்கா?"

"அவங்க கேக்கறதை."

அவர் போன மூன்றாம் நாள் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. நாச்சிமுத்து என்பவர் இறங்கினார். தையல் கம்பெனி ஒன்றின் ஆள். வெள்ளைச் சட்டை, தணிந்த பேச்சு. டெம்போவில் பத்து கரண்ட் மிஷின்கள்.

"பதினாலு பிள்ளைங்க, ரெண்டு மிஷின். பார்க்கவே பாவமா இருக்குதும்மா" என்றார். "இதெல்லாம் இங்கியே இருக்கட்டும். பழகறதுக்குத் துணியும் நாங்களே குடுக்கறோம். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

ரஹ்மத் பிள்ளைகளைப் பார்த்தாள். முறைக்காகக் காத்துக் காத்தே பாதி நேரம் போய்விடுகிற பிள்ளைகள். கையெழுத்துப் போட்டாள்.

துணி கட்டுக் கட்டாக வந்தது. சின்னச் சட்டைகளின் முன்பக்கமும் பின்பக்கமும். இரண்டையும் தோளில் சேர்த்துத் தைக்க வேண்டும். அவ்வளவுதான். சுவரில் நாச்சிமுத்து ஒரு கடிகாரம் மாட்டினார். மணிக்கு இருபது, முப்பது என்று பிள்ளைகளின் வேகம் கூடியது. தைத்த கட்டுகளை இரண்டு நாளுக்கு ஒருமுறை டெம்போ வந்து எடுத்துப் போனது.

முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் யாரும் அதிகம் பேசவில்லை.

தனபாக்கியம் திரும்பி வந்தபோது அறை இரைந்துகொண்டிருந்தது. அவர் வந்ததைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த குயிலியின் பின்னால் போய் நின்றார். குயிலிக்குப் பன்னிரண்டு வயது.

"யாருக்குக் கண்ணு தைக்கிறே?"

குயிலி பாதத்தை எடுத்தாள். மிஷின் நின்றது.

"தெரியலீங்க்கா."

ரஹ்மத் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தப்புப் பண்ணிட்டேங்க்கா. நாளைக்கே திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிடட்டுமா?"

"நீ சொன்னா, பிள்ளைங்க என்ன நெனைப்பாங்க?"

"மிஷினைப் புடுங்கிட்டோம்னு நெனைப்பாங்க."

தனபாக்கியம் உள்ளே வந்தார். "எல்லாரும் எந்திரிங்க. இத்தனை நாள் தைச்சீங்கல்ல. இன்னைக்கு ஆளுக்கொரு சட்டையை முழுசாத் தைச்சுப் போட்டுப் பாருங்க."

அறைக்கு உயிர் வந்தது. பிள்ளைகள் கட்டுகளை அவிழ்த்தார்கள். தங்களுக்குப் பொருந்துகிற அளவைத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் சொன்னான், "கை இல்லீங்க்கா."

"நல்லாத் தேடு."

எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தார்கள். தரை முழுக்கத் துணி. கை இல்லை. காலர் இல்லை. பாக்கெட் இல்லை. பதினாலு பிள்ளைகளும் துணிக்கு நடுவில் நின்றார்கள்.

"எங்கீங்க்கா போச்சு?" என்று கேட்டாள் குயிலி.

"எனக்கும் தெரியாது. கொண்டு வந்தவரைத்தான் கேக்கணும்."

மறுநாள் நாச்சிமுத்து வந்தார். கட்டுகள் அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து முகம் சுளித்தாலும், தனபாக்கியத்துக்கு வணக்கம் சொன்னார். பிள்ளைகள் மிஷின்களில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். குயிலி எழுந்து நின்றாள்.

"சார், இந்தச் சட்டைக்குக் கை எங்கீங்க?"

அவர் சிரித்தார். "அது செங்காட்டூர்ல, அம்மிணி."

"அங்க யாரு தைக்கிறாங்க?"

"உன்னையாட்டப் பிள்ளைங்கதான். உங்களைவிட வேகம். மணிக்கு ஐம்பது போடறாங்க."

"காலரு?"

"அது இன்னொரு ஊரு. எல்லாம் கம்பெனிக்கு வந்ததும் ஒண்ணு சேர்த்துருவாங்க. அப்புறம் கப்பல்ல போயிரும்."

குயிலி யோசித்தாள். "அப்ப இது பழகறதுக்கு இல்லீங்களா?"

"பழகறதும்தான்."

"நாங்க ஒரு சட்டை தைச்சுப் பழகணும் சார். கையைக் கொண்டு வந்து குடுங்க."

"அதெல்லாம் உனக்கெதுக்கு? உனக்குத் தோளு. அதைச் சுத்தமாப் பண்ணு. பெரியவளானதும் கம்பெனியில உனக்கு எடம் ரெடியா இருக்கும்."

குயிலி சுவருக்குப் போனாள். தன் மிஷினின் சுவிட்சை அணைத்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பக்கத்து மிஷின் நின்றது. அதற்கடுத்தது நின்றது. கடைசியில் ஒரே ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்த சிறுமி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். கையிலிருந்த தோளை முடித்து, நூலை அறுத்துவிட்டு, அவளும் அணைத்தாள்.

நாச்சிமுத்து தனபாக்கியத்திடம் திரும்பினார். "இது நீங்க சொல்லிக் குடுத்ததாங்க்கா?"

"இல்லீங்க. நான் ஊசியில நூல் கோக்க மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஆறு மாசத்துக்கு ஒப்புத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." காகிதத்தை எடுத்து நீட்டினார்.

ரஹ்மத் முன்னால் வந்தாள்.

"அது என் கையெழுத்துங்க. பிள்ளைங்க கையெழுத்து அதுல எங்கியும் இல்லை. தோள் தைக்கணும்னா நான் தைக்கிறேன். என்னைக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போங்க. இவங்க மேல கை வைக்காதீங்க."

அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "யோசிச்சுப் பேசுங்க. நாளைக்கு வர்றேன்" என்றார்.

"நாளைக்கு எதுக்குங்க? டெம்போ வாசல்லதானே நிக்குது" என்றாள் குயிலி.

முதல் மிஷினை நான்கு பேர் தூக்கினார்கள். கனம் தாங்காமல் வாசற்படியில் இறக்கி வைத்து, மறுபடி தூக்கினார்கள். டிரைவர் கீழே இறங்கி ஒரு கை கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பத்தும் ஏற அரைமணி நேரம் ஆனது. கடைசியாக ஒரு பையன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய் நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தான்.

அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கட்டடம் உங்களுதில்லீங்களேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அறை பூட்டியிருந்தது. புதுப் பூட்டு. இரண்டு மிதி மிஷின்களும் உள்ளே.

தனபாக்கியம் பூட்டைப் பார்த்தார். பையைத் திறந்து ஊசிப் பொட்டலத்தை எடுத்தார். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன் படிகளில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கையால் தைத்தார்கள். பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் ஒரு அப்பா வந்து தன் மகளை எழுப்பினார். "வீடு தேடி வந்த கரண்ட் மிஷினைத் திருப்பி அனுப்பிட்டு, ரோட்டுல உக்கார வெச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு வகுப்பா?"

"ஆமாங்க" என்றார் தனபாக்கியம்.

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் இன்னும் நான்கு பேர் வரவில்லை. ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

அன்று சிறு தூறல். தொட்டிக்கு அடியில் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். குயிலி ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கைக்கான சட்டை. கை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. பிரித்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி பிரித்தாள்.

ரஹ்மத் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, என் மேல கோவமே வரலீங்களா?"

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லலை?"

"நீ காகிதத்துக்கு முன்னால வந்து நின்னே. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

ரஹ்மத் மடியிலிருந்த துணியை நீவினாள். அவள் மனம் அடங்கவில்லை.

"அஞ்சு பேரு போயிட்டாங்க. ரூமும் போச்சு. இருந்த ரெண்டு மிஷினும் போச்சு. அந்தாளுக்கு ஒரு நட்டமும் இல்லை. நாம விட்ட தோளை இந்நேரம் வேற ஊர்ல இறக்கியிருப்பாரு. செங்காட்டூர்ல கை தைக்கிற பிள்ளைங்க இப்பவும் தைச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. நாம ஒன்பது பிள்ளைங்களோட இங்க உக்காந்திருக்கறதுல என்னங்க்கா ஆகப் போகுது?"

தனபாக்கியம் தைத்துக்கொண்டிருந்ததை முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டார்.

"செங்காட்டூருக்கு மொதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.