சைத்தூன் மாமியோட பல்பு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. கடலோரத்து ஊரு. பேரு சுமையா. 'ம்' கொட்டு, இல்லேன்னா கதை நின்னுடும். ம்... அப்படித்தான்.

அவகூட பாண்டி ஆடுன பொண்ணுங்க எல்லாம் பத்தாவதோட வீட்ல உக்காந்துட்டாங்க. இவளுக்கு மட்டும் சயின்ஸ் குரூப் எடுத்து இன்ஜினியர் ஆவணும்னு ஆசை. வாப்பாகிட்ட சொன்னா, 'பாக்கலாம்'னுட்டாரு. வேற யார்கிட்ட சொல்றது? மொட்டைமாடியில தனியா உக்காந்து பழைய போனைக் கழட்டிக்கிட்டு இருப்பா. பேச்சுத்துணைக்கு ஒரு பூனை கூட கிடையாது, பாவம்.

அவ வாப்பாவோட அக்கா சைத்தூன் மாமி. மாமிக்குக் காது சுத்தமா கேக்காது. நோன்பு மாசத்துல சாயங்காலம் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாத்தானே நோன்பு திறக்கணும்? மாமிக்கு யாராவது தோளைத் தட்டணும். அப்போ சுமையா ஒரு பல்பு செஞ்சா. வெளிச்சம் குறைஞ்சா தானா பளிச்னு எரியும்.

அப்புறம் ஒருநாள் கருகருன்னு மேகம் வந்துச்சு. பல்பு பளிச். மாமி பிஸ்மி சொல்லி பேரீச்சம்பழத்தை வாயில போட்டுட்டாங்க. பொழுதே அடையல. அன்னிக்கு நோன்பு போச்சு.

தெருவே பேசுச்சு. பேசாம என்ன செய்யும், அதுக்கு வேற வேலையா இருக்கு? வாப்பா சொன்னாரு, "சயின்ஸ் குரூப் பேச்சு இனிமே இந்த வீட்ல வேணாம்." நோன்பைத் தொலைச்ச மாமி மட்டும், "விட்ட நோன்பை பெருநாளுக்கப்புறம் வைப்பேன். அன்னிக்கும் பல்பைப் பாத்துத்தான் திறப்பேன். சரி பண்ணி வை"ன்னாங்க.

அப்போ சுமையா பல்போட கண்ணை எடுத்துட்டு காது வச்சா. பழைய போன்ல இருந்த குட்டி மைக்கு. படார்னு கதவு சாத்திக்கிச்சு, எரிஞ்சுது. மாத்துனா. பாம் பாம்னு மீன்காரர் ஹாரன், அதுக்கும் எரிஞ்சுது. மூணாவது தடவை யோசிச்சா. இதெல்லாம் சட்டுனு நின்னுடும், பாங்கு மட்டும் இழுத்து வரும். ஒரு மூச்சு நீளத்துக்கு விடாம கேட்டாத்தான் எரியணும்னு வச்சா. தூங்கிட்டியா? ம்... சரி.

பெருநாள் முடிஞ்சுது. தெருவெல்லாம் சாப்பாட்டு வாசம். மாமி ஒத்தையா நோன்பு வச்சாங்க. சுமையாவும் யார்கிட்டயும் சொல்லாம வச்சா. சாயங்காலம் பாங்கு கிளம்புச்சு. பல்பு எரியல. வாப்பா வந்து மாமி தோளைத் தட்டுனாரு. மாமி கையைத் தள்ளிவிட்டாங்க. "பல்பு சொல்லட்டும்." ஒரு மூச்சு... பளிச்.

மாமி பழத்தை எடுத்தாங்க. வாப்பா ரொம்ப நேரம் பல்பையே பாத்தாரு. அப்புறம், "சயின்ஸ் குரூப் எந்த ஸ்கூல்ல இருக்கு?"ன்னு கேட்டாரு.

அது பக்கத்து டவுன்ல இருந்துச்சு. முதல் நாள் அந்தத் தெருவுலேருந்து பஸ் ஏறுனது அவ ஒருத்திதான். அழுகையா வந்துச்சு. பக்கத்து சீட்டு காலி. ஆனா பையை அதுல வைக்கல, கனக்கக் கனக்க மடியிலேயே வச்சுக்கிட்டா. இன்னொரு பொண்ணு ஏறுனா உக்கார இடம் வேணும்ல?

பஸ்ஸும் போயிருச்சு, கதையும் போயிருச்சு. நீ கண்ணை மூடு.