கொவ்வை பிடித்த உசில மரம்

அந்தக் காலத்தில் தேவாங்குகள் பட்டப்பகலில் நடமாடின, வாய் ஓயாமல் பேசின. ஒல்லிக் காலும் உருண்டைக் கண்ணும் இன்றைக்கு இருப்பதுபோலத்தான். கை மட்டும் வேறு. ஐந்து விரலும் நீளம், அதிலும் சுட்டுவிரல் நீளமோ நீளம். அந்த ஒரு விரலை வைத்துக்கொண்டு அவை பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

காரணம், அந்த மலைக்காட்டில் இருந்த ஒரு வழக்கம். முதல் மழைக்கு மறுநாள் ஊர் கூடும். தலையெடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நாட்டாமை முன்னால் கிளையில் நின்று, சுட்டுவிரலை நீட்டித் தங்களுக்குப் பிடித்த மரத்தைக் காட்ட வேண்டும். காட்டிய மரம் சொந்தம். காட்டாத பிள்ளை ஆயுசுக்கும் அடுத்தவர் கிளையில் ஒண்டிக் கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் ஆவாரி என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு பெண்குட்டி பிறந்தது, கொவ்வை என்று பேர் வைத்தாள். குட்டியை நக்கிக் கொடுக்கும்போதுதான் பார்த்தாள்: இரண்டு கையிலும் சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு முண்டு. பக்கத்தில் கட்டைவிரலும் தோலோடு தோலாக அதில் ஒட்டிக் கிடந்தது.

பார்க்க வந்த உறவுக்காரர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" என்றாள் ஒருத்தி.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு கட்டெறும்பாத் தின்னியாமே?" என்றாள் இன்னொருத்தி.

ஆவாரி எல்லாருக்கும் தலையை ஆட்டி வைத்தாள். அவர்கள் போன பிறகு, தான் தின்ற எறும்பையெல்லாம் நினைத்து நினைத்து அழுதாள்.

கொவ்வைக்கு அழ நேரமில்லை. தலைகீழாகத் தொங்குவாள், அம்மா தலையில் அத்திப்பழத்தைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்வாள். கை சரியாக விரியாததால் பிடி நழுவி அடிக்கடி விழுவாள். விழுந்த இடத்திலேயே ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்றுவிட்டுத்தான் மேலே ஏறுவாள்.

அவள் தலையெடுத்த வருடம் ஆவாரிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு தையல்சிட்டு வைத்தியரிடம் போனாள். இலையோடு இலை சேர்த்துக் கூடு தைக்கிற அந்த அலகுதான் காட்டில் கிழிந்த காதையும் பிய்ந்த சிறகையும் தைத்துக் கொடுத்தது.

வைத்தியர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வழி இருக்கு தாயி. ஒண்ணு, காரை முள்ளு ஒண்ணை முண்டு மேல வச்சு நாரால கட்டிரலாம். தூரத்துல இருந்து பார்த்தா அசல் விரல்தான்."

"கிளையப் பிடிக்குமா?" என்று கேட்டாள் கொவ்வை.

"பிடிக்காது. குத்தும். ரெண்டாவது, கால் விரல்ல ஒண்ணை எடுத்துக் கையில தச்சிரலாம். வலிக்கும். ஒட்டுனாலும் ஒட்டும், ஒட்டாமலும் போகும்."

"எந்த விரலை?"

"பெருவிரலுக்கு அடுத்ததை."

கொவ்வைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூரான நகம் இருப்பது அந்த ஒரு விரலில்தான். "அப்புறம் நான் காதை எதால சொறியுறது?"

வைத்தியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவாரி முறைத்ததும் அடக்கிக்கொண்டார்.

"மூணாவது, கட்டைவிரலைப் பிடிச்சு இழுக்குற தோலை மட்டும் கீறிவிட்டுத் தைக்கலாம். பார்வைக்கு எதுவும் மாறாது. கை மட்டும் நல்லா அகலமா விரியும்."

"அது எதுக்கு வைத்தியரே? மரத்தைக் காட்ட விரலு வேணும். முள்ளையாவது கட்டிவிடுங்க. இல்லேன்னா அந்தக் கால் விரலையே..."

"யம்மா," என்றாள் கொவ்வை, "கை யாரோடது?"

ஆவாரிக்குச் சுருக்கென்றது.

"எனக்கு விழாம ஏறணும். அதுக்கு எது உதவுமோ அதைப் பண்ணச் சொல்லு. காட்டுறதைப் பத்தி அன்னிக்குப் பார்த்துக்கலாம்."

மகளுக்கு மரமில்லாமல் போய்விடுமே என்று ஆவாரி பயந்தாள். இருந்தாலும் மூன்றாவதற்குச் சரி என்றாள். வைத்தியர் கீறினார், தைத்தார், மஞ்சள் பூசிவிட்டார்.

புண் ஆறியதும் கொவ்வையைக் கையில் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம், நடுவில் எவ்வளவு பருத்த கிளையும் வசமாக அடங்கியது. ஒரு கையால் கெட்டியாகப் பிடித்த பிறகுதான் அடுத்த கையை எடுப்பாள். அதற்குப் பிறகு அவள் விழுந்து யாரும் பார்க்கவில்லை. அம்மா தலையில் அத்திப்பழம் மட்டும் வழக்கம்போல் விழுந்தது.

முதல் மழை பெய்தது. மறுநாள் ஊர் கூடியது. ஆரம்பத்திலேயே சண்டை. இரண்டு பையன்கள் அடுத்தடுத்து விரலை நீட்ட, இரண்டும் ஒரே திசையில் போயின. "என் மரத்தை அவன் காட்டுறான்" என்று ஒருவன், "நான்தான் முதல்ல" என்று மற்றவன். எந்த விரல் எந்த மரத்தில் போய் முடிகிறது என்று கண்டுபிடிப்பது வருஷா வருஷம் நாட்டாமைக்குத் தலைவலி. அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுக் கொவ்வையைக் கூப்பிட்டார்.

"காட்டு புள்ள."

கொவ்வை கையை நீட்டினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆவாரி பொறுக்கமாட்டாமல் தன் விரலைத் தூக்கினாள். "அவளுக்காக நான் காட்டுறேங்க."

"நீ காட்டினா உன் மரம். அவ மரம் ஆகுமா?" என்றார் நாட்டாமை.

கொவ்வை கிளையிலிருந்து இறங்கினாள். பிடித்துப் பிடித்து, நிதானமாக நடந்து, பாறை ஓரம் நின்ற உசில மரத்தில் ஏறி அதை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அந்த மரத்தை நான் காட்டலாம்னு இருந்தேன்," என்று சடையன் என்ற முரட்டுப் பையன் பாய்ந்து போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. அவனை அவன் அண்ணன் இழுத்தான், அண்ணனை மாமன் இழுத்தான். சடையன் கை வழுக்கி மூவரும் மழைத் தண்ணீரில் மல்லாந்தார்கள். ஊரே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது ஆவாரிதான்.

நாட்டாமை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும் தாயி, கையை விடு. மரம் உனக்குத்தான்."

"இன்னொரு தரம் சத்தமாச் சொல்லுங்க, விடுறேன்."

சத்தமாகச் சொன்னார். பிறகு ஓரமாக நின்ற இரண்டு பையன்களையும் பார்த்து, "நீங்களும் போய்ப் பிடிங்கடா" என்றார். இருவரும் ஓடினார்கள். ஒருவன் ஆலமரத்தைக் கட்டிக்கொண்டான், மற்றவன் அதற்குப் பின்னால் நின்ற வேலமரத்தைக் கட்டிக்கொண்டான். அவ்வளவு சண்டையும் வெவ்வேறு மரத்துக்காகத்தான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

அன்று முதல்தான் தேவாங்கு எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. மெல்லப் போய், பிடித்தால் விடாமல் பிடித்துக்கொள்கிறது. வேலையில்லாத சுட்டுவிரல் தலைமுறைக்குத் தலைமுறை குறுகி, எல்லாக் கையும் கொவ்வையின் கையாகிவிட்டது. பிறந்த குட்டியின் கையைப் பார்த்து இப்போது எந்தத் தாய்த் தேவாங்கும் அழுவதில்லை.