சடையாண்டி காளைக்கு அரை லிட்டர்

சுழிமேட்டுக்காரர்களுக்கு மூளை தேய்ந்ததே இல்லை. எடுத்துப் புழங்கினால்தானே தேயும்? அந்த ஊர்ச் சடையாண்டிக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு செவலைக் காளை. அது ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகக் குதிரைமசால் தழையை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, வயிறு உப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. 

சடையாண்டி மாட்டு டாக்டருக்குப் போன் போட்டான். அவர் பக்கத்து ஊரில் பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அரை லிட்டர் கடலை எண்ணெய் கொடுக்க வேண்டும், துளிகூட மிச்சம் வைக்கக் கூடாது, பிறகு கயிற்றை விடாமல் நடத்த வேண்டும் என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மச்சான் வீரணன் கடைக்கு ஓடி அரை லிட்டர் வாங்கிவந்தான். பாட்டிலில் 500 மில்லி என்று போட்டிருந்தது. சடையாண்டிக்குப் பகீரென்றது.

"டாக்டர் அரைன்னுதானே சொன்னாரு? இது ஐந்நூறுல்ல இருக்கு. மாடு தாங்குமா மச்சான்?"

பங்காளி பொன்னிருளன் எட்டாவது வரை போனவன். அவனை அழைத்துவந்தார்கள். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் தீர்ப்புச் சொன்னான்.

"ஐந்நூறுல அரையை மாட்டுக்குக் குடு. பாக்கி நானூத்தித் தொண்ணூத்தொம்பதரை."

"மிச்சம் வைக்கக் கூடாதுன்னாரே," என்றான் வீரணன்.

மூவரும் யோசித்தார்கள். மாட்டுக்கே ஊற்றினால் அளவு மீறும். எண்ணெயைக் கீழே கொட்டினால் குடும்பத்துக்கு ஆகாது. கடைசியில் பொன்னிருளன் விரலை எண்ணெயில் முக்கி, ஒட்டியதில் பாதியை வேட்டியில் துடைத்துவிட்டு, மீதியைக் காளையின் நாக்கில் தடவினான். மற்றதையெல்லாம் மூன்று டம்ளரில் ஊற்றி ஆளுக்கொன்றாகக் குடித்தார்கள். சடையாண்டி பாட்டிலை அலசி அந்தத் தண்ணீரையும் குடித்தான். காளை மேல் அவனுக்கு அவ்வளவு உயிர்.

கொஞ்ச நேரத்தில் மூன்று வயிறும் கடமுடாவென்றன. மூவரும் ஏரிக்கரைக் கருவேலங்காட்டுக்குப் பறந்தார்கள். சடையாண்டி மட்டும் டாக்டர் சொன்னதை மறக்காமல் கயிற்றைப் பிடித்தபடியே ஓடினான், காளையும் பின்னால் ஓடியது. திரும்பி வாசலை மிதிப்பதற்குள் மறுபடி வயிறு முடுக்கியது. உச்சிப்பொழுது வரை இதே ஓட்டம். ஓடி ஓடிக் காளை ஏப்பமாக விட்டு, சாணமும் போட்டு, அதன் வயிறு வற்றிவிட்டது. சடையாண்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். நிற்கத் தெம்பில்லாமல்தான் கட்டிக்கொண்டான் என்று சொல்பவர்களும் உண்டு.

மறுநாள் மேலத்தெரு பேச்சிக்கண்ணு, தன் ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது, நல்ல மருந்தாகச் சொல்லுங்கள் என்று ஓடிவந்தாள். கட்டிலில் சுருண்டு கிடந்த சடையாண்டி மெல்லத் தலையைத் தூக்கினான்.

"ஒங்க வீட்டுல எத்தனை பேரு தாயி?"

"அஞ்சு பேருண்ணே. ஏன் கேக்குறீங்க?"

"பயப்படாதே. காளைக்கே நாங்க மூணு பேருதான் குடிச்சோம். ஆட்டுக்கு ஒன் வீட்டுக்காரர் ஒருத்தர் குடிச்சாப் போதும்."