கிள்ளாத கொழுந்து

“நாலும் அழுகிடுச்சும்மா. இது ஒண்ணுதான் மிச்சம்.”

வரதராஜன் குச்சியை நீட்டினார். நந்தியாவட்டை. இறந்துபோன மனைவி கோதை வீட்டு வாசலில் வைத்த செடியில் வெட்டியது.

எஸ்தர் கை நீட்டவில்லை. நாற்றுப்பண்ணை அவளுடையது. அவளுக்கு நாற்பது, சீடருக்கு அறுபத்தேழு. இருக்கட்டும். கற்றுக்கொள்ள வந்தவர்தான் சீடர்.

“தாய்ச்செடி இருக்குல்ல ஐயா? இன்னும் நாலு வெட்டிட்டு வாங்க.”

“அது இப்ப என்கிட்ட இல்ல.”

“ஏன்?”

வரதராஜன் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு மாதமாக அவர் இப்படித்தான். பேச்சைக் கேட்கிற கோதை போய்விட்டாள், பேச்சும் நின்றுவிட்டது. ஒரு தட்டைக் கழுவுவார். கவிழ்ப்பார். படுப்பார்.

“இதுவும் போச்சுன்னா அவ வச்சதுன்னு ஒண்ணும் இருக்காது,” என்றார்.

“வேர் விடுறதுக்கான பவுடர்ல குச்சியைத் தொட்டீங்களா?”

“நிறையவே.”

“கல்யாணத்துக்கா அனுப்புறீங்க? சரி, கொழுந்தை என்ன பண்ணீங்க?”

“கிள்ளிட்டேன். இலையையும் உருவிட்டேன். வேரே இல்லாதப்ப கொழுந்து எதுக்கு?”

சொல்லிக்கொண்டே கடைசிக் குச்சியின் நுனியிலும் நகத்தை வைத்தார்.

எஸ்தர் குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வேர் விடச் சொல்றது யாருன்னு நினைச்சீங்க? இந்தக் கொழுந்துதான். இதுல ஒரு ஹார்மோன் ஊறும். ஊறிக் கீழ இறங்கும். உங்க பவுடர் அதைப் பார்த்து மனுஷன் செஞ்சது.”

“செடியிலேர்ந்து வெட்டியாச்சேம்மா.”

“அது கொழுந்துக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிட்டே இருக்கும்.”

“வாங்கிக்க ஆளில்லையே. எங்க போகும்?”

அவள் கட்டைவிரலை நுனியில் வைத்துக் குச்சியோடு மெல்லக் கீழே இறக்கினாள். வெட்டிய இடத்தில் விரல் நின்றது.

“இங்க வந்து சேரும். தாண்டிப் போக வழியில்ல.”

“சேர்ந்து?”

“அங்கதான் வேர்.”

குச்சியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

வரதராஜன் அதை ஈர மணலில் ஊன்றினார். எழுந்திருக்கவில்லை. குத்தவைத்தால் முட்டி வலிக்கிற மனிதர். எழவில்லை.

வெயில் ஏறியது. உதடு அசைந்தது.

எஸ்தர் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு அப்பால் போனாள்.

“கோதை,” என்றார். “வீட்டை வித்துட்டேன்.”